தீப்பொறி தாண்டும் தூரம்



சென்ற திங்கள் இப்பகுதியில் மிதி தையல் இயந்திரத்தைச் செப்பனிடுவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஈஜிபுரத்து அன்பர் ஒருவர், "வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனையோ உள்ளன. அவர்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் எழுதலாகாதா?" என்று கேட்டார். கேட்டது நியாயமே. ஆனால் நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். மோட்டார் தொழிலில் எனக்குள்ள அனுபவம் ஒரே ஒரு வண்டியோடு நின்றுவிட்டது. அந்த ஒரு வண்டியிலும் முதலில் நான் செய்தது பிழை. அந்தப் பிழையைத்தான் இம்முறை எழுத எண்ணுகிறேன்.

என் தாய்மாமன் குடியாத்தத்திலிருந்து இளம் வயதிலேயே பட்டாளத்திற்குப் போனவர். ஏ.எஸ்.சி. பிரிவில் ஓட்டுநராக இருந்து பென்ஷன் பெற்றபின், தாம் பயிற்சி பெற்ற ஊராகிய பெங்களூரிலேயே தங்கி, விவேக் நகரில் குடியேறினார். அவரிடம் ஒரு பழைய மகிந்திரா எஃப்.சி. 150 லாரி உண்டு. லாரி என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஜீப்பின் உடன்பிறப்பு எனத்தக்க சிறு வண்டி அது. எஞ்சின்மேலேயே ஓட்டுநர் அறை அமைந்திருக்கும். இருக்கைகளுக்கு நடுவேயுள்ள மூடியைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். நாற்றுப் பண்ணைகளிலிருந்து பூந்தொட்டிகளும் செம்மண்ணும் ஏற்றிச் சென்று வீடுகளில் இறக்குவது மாமாவின் தொழில். வியாழக்கிழமைகளில் மட்டும் வண்டியை எடுக்கமாட்டார். அன்று குழந்தை இயேசு ஆலயத்திற்கு வரும் கூட்டத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் சைக்கிள்கூட நகராது என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர்.

இந்த வண்டியின் எஞ்சினுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியார் 1950-இல் 'ஹரிக்கேன்' என்ற பெயரில் வெளியிட்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் அது. கொள்ளளவு ஏறத்தாழ 2200 கன சென்டிமீட்டர். உள்ளிழுக்கும் வால்வுகள் தலைப்பகுதியிலும், புகை போக்கும் வால்வுகள் பக்கவாட்டில் பிளாக்கிலும் இருக்கும் வினோதமான அமைப்பு. ஜீப்போடு சேர்ந்து இதுவும் மகிந்திராவின் வழியாக நம் நாட்டிற்கு வந்தது. பிற்காலத்தில் பெட்ரோல் விலைக்கு அஞ்சிப் பலர் இதனைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டனர். மாமா மட்டும் மாற்றவில்லை. "இதன் சத்தம் எனக்குத் தெரியும்" என்பார். அதற்குமேல் காரணம் சொல்லமாட்டார்.

அப்படிப்பட்ட வண்டி சென்ற ஆண்டு மழைக்காலத்தில் தகராறு செய்யத் தொடங்கியது. காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. சமதரையில் ஒருவாறு ஓடும். சுமையேற்றிக்கொண்டு தொம்மலூர் மேம்பாலத்தில் ஏறினாலோ, இருமல்காரனைப் போலத் திக்கித் திணறும். பட்டறைக்காரர்கள் இதனை 'மிஸ்ஸிங்' என்பார்கள். போதாக்குறைக்கு, தகுதிச் சான்றைப் புதுப்பிக்கவேண்டிய மாதமும் அதுவே. அதற்கு மாசுச் சான்று வேண்டும். இத்தகைய பழைய பெட்ரோல் வண்டிகளின் புகையில், எரியாத பெட்ரோல் ஆவியாகிய ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1500 பங்குக்கு மேற்படலாகாது. கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 3 பங்கைத் தாண்டலாகாது என்பது சட்டம். மாமாவின் வண்டியில் இரண்டாவது சரியாக இருந்தது. முதலாவது 2300-க்கு மேல் காட்டியது.

பட்டறை ஒன்றில் காட்டினார்கள். "எஞ்சின் தேய்ந்துவிட்டது, டீசலுக்கு மாற்றுங்கள்" என்று அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு மாமாவின் மகன் நடுங்கிப்போனான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பழைய இரும்பு வாங்குகிறவரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டான். அவனைக் குறைகூற மாட்டேன். ஓடாத வண்டி வாசலில் நின்றால் வயிறு நிறையுமா?

இந்நிலையில்தான் என்னை அழைத்தார்கள். குடும்பத்தில் உத்தியோகம் பார்க்கிறவன், நாலு எழுத்துப் படித்தவன் என்று எனக்கு ஒரு மதிப்பு. நானும் ஜே.சி. சாலைக்குச் சென்று ஒரு ஃபீலர் கேஜ் வாங்கிவந்தேன். வெவ்வேறு கனமுள்ள எஃகுத் தகடுகளை விசிறிபோல் கோத்திருக்கும் கருவி அது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, தகட்டை நுழைத்துப் பார்த்து, நான்கையும் ஒரே அளவாக வைத்து மாட்டினேன். ஒன்றும் குணமில்லை. மறுபடி சோதித்தபோது 1900 காட்டியது. உடனே நான் நீதிபதியைப் போலத் தீர்ப்பு வழங்கிவிட்டேன்: "பிளக் இடைவெளி முப்பது இருக்கவேண்டும், முப்பது இருக்கிறது. பிளக்கில் குற்றமில்லை. பட்டறைக்காரர் சொன்னதே சரி, வண்டியைக் கொடுத்துவிடலாம்." மாமா ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

நிற்க. முப்பது என்றால் என்ன என்பதைத் தொழில் அறியாத நேயர்களுக்குச் சொல்லவேண்டும்.

ஸ்பார்க் பிளக்கின் அடியில் இரண்டு முனைகள் உண்டு. நடுவில் பீங்கானுக்குள்ளிருந்து நீண்டிருப்பது நடுமுனை. மரையின் விளிம்பிலிருந்து வளைந்து அதன் தலைக்கு நேரே நிற்பது கொக்கி. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைத்தான் பொறி தாண்டவேண்டும். மாமாவின் எஞ்சினுக்கு அந்த இடைவெளி 0.030 அங்குலம். பட்டறைப் பேச்சில் முப்பது. மெட்ரிக் கணக்கில் 0.76 மில்லிமீட்டர். நம் சட்டைப்பையிலுள்ள வங்கி அட்டையின் கனம் ஏறக்குறைய அதுவே.

எங்கள் இலாகாவிலும் இடைவெளிக்கு மரியாதை உண்டு. வெயிலில் இரும்பு நீளும் என்பதற்காகத் தண்டவாளத் துண்டுகளுக்கிடையே இடம்விட்டு இணைப்பார்கள். அந்த இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் ஓசைதான் 'தடக் தடக்'. இப்போது நெடுந்தூரத்திற்குப் பற்றவைத்துவிடுவதால் அந்தத் தாலாட்டுப் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பிளக்கிலோ இடைவெளியை ஒழிக்க இன்னும் யாருக்கும் வழி அகப்படவில்லை. இடைவெளி இல்லையேல் பொறி இல்லை.

சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவே மின்சாரத்திற்கு ஏறத்தாழ 3000 வோல்ட் அழுத்தம் வேண்டும். சிலிண்டருக்குள்ளோ காற்றும் பெட்ரோல் ஆவியும் ஏழில் ஒரு பங்காக நெருக்கப்பட்டிருக்கும். நெருக்கம் மிகுந்தால் தாண்டுவதும் கடினம்; அங்கே அதைப்போலப் பல மடங்கு வேண்டும். பேட்டரியில் இருப்பதோ 12 வோல்ட். அதனைக் காயில் என்னும் சுருள் பல்லாயிரமாகப் பெருக்கித் தருகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 2000 சுற்றுச் சுழன்றால், ஒவ்வொரு பிளக்கும் அந்த நிமிடத்தில் 1000 தடவை பொறிவிட வேண்டும். ஒன்று தவறினாலும் அந்தத் தடவைக்குரிய பெட்ரோல் எரியாமலே புகைக்குழாய் வழியே போய்விடும். மாசு மீட்டரில் ஏறி நின்ற எண் அதுதான்.

இடைவெளி குறைந்திருந்தால் பொறி எளிதில் தாண்டும். ஆனால் பொறி சிறிது. சிறு பொறியில் பிறக்கும் தீயும் சிறிது. ஆகவே வண்டி நின்றபடி மெதுவாக ஓடும்போது தடுமாறும். பிளக்கில் கரி சேரும். இடைவெளி மிகுந்திருந்தால் எதிர்மாறு. நின்ற நிலையில் நன்றாகவே இருக்கும். மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் நெருக்கம் அதிகமாகும். அப்போது காயில் தரும் வோல்ட் போதாமல் பொறி தவறும். தொம்மலூர்ப் பாலம் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது இதைத்தான். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை இரவு மாமா என்னை அழைத்தார். நான்கு பிளக்குகளையும் தாமே கழற்றி, ஒரு துணியில் வரிசையாக வைத்திருந்தார். எழுபது கடந்தவர், ஒரு கண்ணில் புரை. விளக்கருகே பிடித்தாலும் அந்த இடைவெளி அவருக்குத் தெரியாது. ஆதலால் பார்க்க முயலவில்லை. பெருவிரல் நகத்தைக் கொக்கியின் உட்புறத்தில் நுழைத்து மெதுவாக இழுத்தார்.

"மாப்பிள்ளை, இதில் குழி இருக்கிறதே."

நான் தகட்டை எடுத்து நுழைத்துக் காட்டினேன். "முப்பது சரியாக இருக்கிறது மாமா."

"உன் தகடு தட்டை. குழியின் மேல் பாலம் போட்டதுபோல் உட்காருகிறது. பொறி பாலத்தின்மேலா போகும்? குழிக்குள்ளே அல்லவா இறங்கவேண்டும்? தகட்டை வை, உருண்டைக் கம்பி கொண்டுவா."

அவர் கேட்டது பட்டாளப் பட்டறையில் அவர் கையாண்ட கம்பி அளவுகோலை. அது என்னிடம் இல்லை. அதற்கும் அவரே வழி சொன்னார். தெருக்கோடியில் மோட்டார் காயில் கட்டும் கடை உண்டு. அங்கே தாமிரக் கம்பிகள் நம்பர் வாரியாகக் கிடைக்கும். அந்த நம்பர்கள் ஆங்கிலேயர் காலத்து எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கு: 22-ஆம் நம்பர் 0.028 அங்குலம், 21-ஆம் நம்பர் 0.032 அங்குலம். முப்பது வேண்டுமென்றால் 22 நுழையவேண்டும், 21 நுழையலாகாது. இவ்வளவே கணக்கு. கடைக்காரர் சாண் அளவுத் துண்டுகளைக் காசு வாங்காமலே கொடுத்தார். மேலேயுள்ள வார்னிஷைச் சுரண்டிவிடவேண்டும். இல்லையேல் அதன் கனமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

பார்த்தோம். 21 தாராளமாக நுழைந்தது. 20-ஆம் நம்பர், அதாவது 0.036, அதுவும் நுழைந்தது. இரண்டு பிளக்குகளில் 19-ஆம் நம்பர் கம்பியே, 0.040 அங்குலம், உரசிக்கொண்டு உள்ளே போயிற்று. நான் முப்பது என்று சத்தியம் செய்த இடத்தில் நாற்பது! என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நேயர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

மாமா அத்தோடு நிற்கவில்லை. "குழி இத்தனை ஆழமாக விழக்கூடாது. காயில் எப்போது மாற்றினது?" என்று மகனைக் கேட்டார். ஓராண்டுக்கு முன் என்றான். போய்ப் பார்த்தால், காயிலின் இரண்டு சிறு ஒயர்களும் இடம் மாறிக் கிடந்தன. எதிர்முனை எர்த் ஆன வண்டிகளில் காயிலின் எதிர்க்குறியிட்ட முனையே டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகவேண்டும். மாறிவிட்டால் வண்டி நிற்காது, ஓடத்தான் செய்யும். அதனால்தான் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் பொறி தலைகீழாகப் பாயும். மின்துகள்கள் சூடான முனையிலிருந்து எளிதில் கிளம்பும்; பிளக்கில் மிகச் சூடாக இருப்பது நடுமுனை. தலைகீழானால் அவை குளிர்ந்த கொக்கியிலிருந்து கிளம்பவேண்டும். அதற்கு அதிக வோல்ட் செலவு. கொக்கியும் கிண்ணம்போல் குழிந்துவிடும். குழிந்த கிண்ணம் தட்டைத் தகட்டை ஏமாற்றும். ஒரு தவறு இன்னொரு தவறை மறைத்துக்கொண்டிருந்தது.

பிறகு நடந்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்; வீட்டிலே செய்ய விரும்புவோர்க்கு உதவும்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுமுன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். ஒயர்களுக்கு 1, 2, 3, 4 என்று நூல் முடிச்சாவது போட்டுக்கொள்ள வேண்டும். இந்த எஞ்சினில் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. ஒயர் மாறினால் வேறு வம்பு. கழற்றிய பிளக்கின் நிறத்தைப் பார்க்க மறக்கலாகாது. வெளிர்பழுப்பு என்றால் சுகம். உலர்ந்த கருங்கரி என்றால் பெட்ரோல் மிகுதி, அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பசை என்றால் உண்மையாகவே எஞ்சின் தேய்ந்திருக்கலாம். மாமாவின் பிளக்குகளில் எண்ணெய்ப் பசையே இல்லை. பட்டறைக்காரரும் நானும் அதையாவது பார்த்திருக்கலாம்.

மெல்லிய தட்டை அரத்தால் நடுமுனையின் தலையையும் கொக்கியின் உட்புறத்தையும் சமமாக அராவ வேண்டும். பொறி கூரிய விளிம்பிலிருந்து எளிதில் பாயும்; மழுங்கிய முனையிலிருந்து பாய அதிக வோல்ட் கேட்கும். அராவியபின் இடைவெளி இன்னும் பெருகியிருக்கும். அப்போது கொக்கியை மட்டுமே மெல்லத் தட்டி நெருக்கவேண்டும். அகற்றவேண்டுமானாலும் கொக்கியைத்தான் வளைக்கவேண்டும். நடுமுனையில் நெம்புகோல் கொடுத்தால் உள்ளேயிருக்கும் பீங்கான் வெடித்துவிடும். வெடிப்பு வெளியே தெரியாது. பிளக் மட்டும் பயனற்றுப்போகும். பீங்கானைக் கம்பி பிரஷால் தேய்ப்பதும் தவறு. உலோகக் கீறல் படிந்து, மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும்.

நான் அராவினேன், மாமா நகத்தால் தடவி, "இன்னும் கொஞ்சம்" என்றும் "போதும்" என்றும் சொன்னார். இரவு பதினொரு மணி ஆயிற்று. மாட்டும்போது முதலில் கையாலேயே மரையைச் சுற்றச் சொன்னார். ஸ்பேனரை முதலிலேயே பிடித்தால் மரை குறுக்கே ஏறிவிடுமாம். கை நின்ற இடத்திலிருந்து புதிய வளையமானால் அரைச் சுற்று, பழைய வளையமானால் அதைவிடக் குறைவு.

ஞாயிறு காலை வண்டி இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. மகன் ஓட்ட, மாமா பக்கத்தில் அமர, நான் பின்னால் மண்மூட்டைகளின்மேல் உட்கார்ந்து தொம்மலூர்ப் பாலத்தில் ஏறினோம். இருமல் இல்லை. திரும்பி வந்தபோது இரும்பு வியாபாரி வாசலில் காத்திருந்தார். அத்தை அவருக்குக் காப்பி கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் 870. இடைவெளியால் எவ்வளவு குறைந்தது, காயில் ஒயரைத் திருப்பியதால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. இரண்டையும் ஒரே இரவில் செய்துவிட்டோம்.

பின்னர்ப் புதிய பிளக்குகளே வாங்கிப் போட்டோம். இங்கே ஓர் எச்சரிக்கை. "புதியதுதானே, ஆலையிலேயே அளந்து அனுப்புவார்கள்" என்று எண்ணலாகாது. ஒரே பிளக் பல வண்டிகளுக்குப் பொருந்தும். ஆலையார் வைத்த அளவு உங்கள் வண்டிக்கு உரியதாக இருக்கவேண்டுமென்பதில்லை. மின்னணு முறையில் பொறி உண்டாக்கும் இக்காலத்து வண்டிகளில் 1 மில்லிமீட்டருக்கு மேலும் இடைவெளி வைப்பதுண்டு. அவற்றின் காயில் அதனைத் தாங்கும். பழைய காயிலும் பாயிண்டும் உள்ள வண்டியில் அதை வைத்தால் மேம்பாலம் ஏறாது. இன்னொன்று: இதே எஞ்சினுக்கு 0.020 அங்குலம் என்று ஓர் அளவும் புத்தகத்தில் காணப்படும். அது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சி.பி. பாயிண்டின் இடைவெளி. இருபதைப் பிளக்கிலும் முப்பதைப் பாயிண்டிலும் வைத்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்கள் உண்டு. இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய கார்புரேட்டர் எஞ்சினில் கலவையைச் சற்று மெலியச் செய்யும். மெலிந்த கலவை வலுவான பொறி கேட்கும். ஆகவே முன்னைவிட அடிக்கடி இடைவெளியைப் பார்ப்பது நலம். ரப்பர்க் குழாய்களையும் பார்க்கவேண்டும், அது தனிக்கதை.

விவேக் நகரில் இருந்துகொண்டு பிளக்கைப் பற்றி எழுதும்போது மைகோவைச் சொல்லாமல் விடுவது எப்படி? நம் வாசலுக்கு எட்டும் தூரத்தில் ஆடுகோடியில் இருந்த தொழிற்சாலை அது. ஜெர்மனியில் ராபர்ட் போஷ் கம்பெனியில் காட்லோப் ஹோனால்ட் என்ற பொறியாளர் 1902-இல் உயர் வோல்ட் மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். அந்தக் கம்பெனியின் கூட்டுறவில் 1951-இல் நிறுவப்பட்டதே மைகோ. நம்மவர் வீடுகளில் 'மைகோவில் வேலை' என்றால் பெண் கொடுக்க இரண்டாம் முறை யோசிக்காத காலம் இருந்தது. 2008-இல் பெயர் போஷ் என்று மாறியது. ஆடுகோடி வளாகம் 2022-இல் ஆராய்ச்சி நகரமாகப் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயரிலும் 'ஸ்பார்க்' என்ற சொல் இருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். "அப்படியா? இடைவெளி எவ்வளவாம்?" என்று கேட்டார்.

22-ஆம் நம்பர், 21-ஆம் நம்பர்க் கம்பித் துண்டுகள் இரண்டும் வண்டியின் சாவிக்கொத்திலேயே கோக்கப்பட்டிருக்கின்றன. மாமாவின் கண் புரைக்குச் சென்ற மாதம் அறுவை நடந்தது. இப்போது பார்வை தெளிவு. ஆனாலும் பிளக்கைக் கையில் எடுத்தால் முதலில் நகம்தான் போகிறது.

பாயிண்டை அராவிச் சரிசெய்யும் முறையை வரும் திங்கள் எழுதுவேன்.